அசலும் கலப்பும்: ஒரு பழைய பத்மினி கார்

ஒரு பழைய காரைப் பற்றி இந்த இதழில் எழுத என்ன இருக்கிறது என்று தோழர்கள் கேட்கக்கூடும். இருக்கிறது. எங்கள் கரிசல் பக்கம் காரைப் 'பிளசர்' என்பார்கள். பிளசர் பண்ணையாருடையது, பருத்தி ஆலை முதலாளியுடையது, ஓட்டுக் கேட்க வருகிறவனுடையது. பிளசர் வந்தால் நம் ஆள் எழுந்து ஒதுங்கி நிற்பான். தலையில் கிடக்கும் துண்டு கக்கத்துக்குப் போகும். வண்டி போன பிறகு புழுதி மட்டும் நம் தெருவில் கிடக்கும். அந்தச் சாமான் நம் கைக்கு வந்து, நம் தேவைக்கு அறுத்து ஒட்டித் தினமும் ஓட்டும்போது, இரும்பு மட்டும் மாறினால் போதவில்லை. வேறு சிலதும் மாற வேண்டியிருக்கிறது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என்னிடம் இருப்பது பிரிமியர் பத்மினி. 1981ஆம் வருஷத்து வண்டி. 2016இல் தூத்துக்குடியில் ஒரு வீட்டு மாட்டுக்கொட்டகையில் கோழி அடைந்து கிடந்ததை 35 ஆயிரம் ரூபாய்க்கு வாங்கினேன். அந்தக் காசுக்குப் புது மோட்டார் சைக்கிள்கூடக் கிடைக்காது. இயக்க வேலையாக ஓட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி, கயத்தாறு, கோவில்பட்டி என்று அலைகிறவளுக்கு நாலு பேரை ஏற்றிக்கொண்டு போக ஒரு வண்டி வேண்டியிருந்தது. அழகு பார்க்க வாங்கவில்லை.

இந்த வண்டியைப் பற்றித் தெரியாத இளைய தோழர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இத்தாலிக்காரனின் ஃபியட் 1100 வண்டியைப் பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி செய்து விற்றது. 1974 வாக்கில் பத்மினி என்று பேர் மாற்றினார்கள். சித்தூர் ராணியின் பேர் என்பார்கள். பாஞ்சாலங்குறிச்சிக் கிழவிகளுக்குத் தெரிந்த பத்மினி, 1959இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தில் வெள்ளையம்மாளாக வந்த பத்மினிதான். நாலு சிலிண்டர், 1089 சிசி, பெட்ரோல் எஞ்சின். பின்சக்கரம் இழுக்கும். பின்னால் பட்டை ஸ்பிரிங். கியர் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருப்பதால் முன்னால் பெஞ்சு மாதிரி ஒரே சீட். மூணு பேர் உட்காரலாம். 2000 வாக்கில் இந்த வண்டி செய்வதை நிறுத்திவிட்டார்கள். பம்பாயில் மஞ்சளும் கறுப்புமாக ஓடிய பத்மினி டாக்சிகளில் கடைசி வண்டியும் 2023 அக்டோபர் 30ஆம் தேதியோடு நின்றது.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பட்டறை வேலைக்கென்று தாராவிக்குப் போன நம் குடும்பங்கள் ஏராளம். என் பெரியப்பா அப்படிப் போனவர். பட்டறை நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் டாக்சி ஓட்டக் கற்றுக்கொண்டு 22 வருஷம் பத்மினி ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தார். எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். "இந்த வண்டிக்கு வாத்தியார் வேண்டாம் பாப்பா, ரெண்டு ஸ்பேனரும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் காதும் இருந்தாப் போதும்" என்பார். அது உண்மை. இப்போதைய வண்டி நடுக்காட்டில் நின்றால் கம்ப்யூட்டர் கொண்டுவந்து மாட்டிப் பார்க்க வேண்டும். இது நின்றால் பானெட்டைத் திறந்து நாமே பார்க்கலாம்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு உலகம் இருக்கிறது. கோயம்புத்தூர், சென்னை என்று ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் போவார்கள். அவர்களிடம் அடிக்கடி கேட்கிற வார்த்தை 'ஒரிஜினல்'. ஒரிஜினல் பெயிண்ட், ஒரிஜினல் ஹார்ன், எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி. வேறு வண்டியின் பாகத்தைச் சேர்த்துவிட்டால் வண்டி கெட்டுப்போச்சு என்று முகத்தைச் சுளிப்பார்கள். ஒருத்தர் என் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இதுல கலப்பு ஜாஸ்தி" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கலப்பு என்ற சொல்லை அந்தத் தொனியில் எங்கள் பக்கம் எதற்குச் சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்காக வெட்டிப்போட்ட பிள்ளைகளின் பேர்கள் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்த 'அசல்' எங்கே இருக்கிறது? இத்தாலிக்காரன் போட்ட கணக்கு அவன் நாட்டுக் குளிருக்கும் அவன் ரோட்டுக்கும். அதை வாங்கிக் குர்லாவில் செய்தவர்கள் காலப்போக்கில் இங்கத்திய பாகங்களைப் போட்டார்கள். பிறந்தபோதே கலந்து பிறந்த வண்டி. அதை ஊர்வலத்துக்கு வைத்துப் பூசிக்கிறவன் அசல் என்று சொல்லிக்கொள்ளலாம். தினமும் ஓட்டுகிறவன் மாற்றாமல் இருக்க முடியாது.

கரிசல் மண்ணைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். சித்திரையில் கை நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். ஐப்பசியில் ஒரு மழை விழுந்தால் அதே மண் மாவு மாதிரி இளகி டயரில் அப்பும். நாலு சுற்றுக்குள் மட்கார்டு நிறைந்து சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். தார் ரோடு ஊர்த்தெருவோடு முடிந்துவிடுகிற கிராமங்கள் இன்னும் உண்டு. அதற்கு அப்பால் நம் தெருவுக்குப் போவது வண்டிப்பாதைதான். ஆகவே முதல் வேலையாகப் பின் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட்டோம். வண்டி ஒண்ணரை இஞ்ச் உயர்ந்தது. 5.20-14 நைலான் டயரைக் கழற்றிவிட்டு ரேடியல் போட்டோம்.

அடுத்தது வெக்கை. மே மாசத்தில் எட்டயபுரம் ரோட்டில் பத்மினி திடீரென்று இருமி நின்றுவிடும். பெட்ரோல் பம்பு எஞ்சினோடு ஒட்டி இருப்பதால் அந்தச் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது, கார்பரேட்டருக்குப் போய்ச்சேர்வதில்லை. பழைய டாக்சிக்காரர்கள் ஈரத்துணியைப் பம்பின்மேல் சுற்றி அது ஆறுகிறவரை பீடி குடிப்பார்களாம். பிரசவ வலியோடு ஒருத்தி பின்சீட்டில் கிடக்கும்போது அதற்கு நேரமில்லை. அதனால் ரேடியேட்டருக்கு முன்னால் ஒரு எலெக்ட்ரிக் ஃபேன் வைத்தோம். பெட்ரோல் பம்பையும் எலெக்ட்ரிக் பம்பாக மாற்றி டேங்க் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தோம். இத்தனைக்கும் கரண்ட் வேண்டுமே. பழைய டைனமோ தாங்காது, ஆல்டர்னேட்டர் வந்தது. பாயிண்டை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் இக்னிஷன் வந்தது. ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு ஹாலஜன் மாட்டினோம். ராத்திரி பத்து மணிக்கு வேலிக்கருவைக்கு நடுவில் போகிற பாதையில் வெளிச்சம் நமக்குப் பாதுகாப்பு.

பிரேக் பெரிய வேலை. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்; ஆள் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் மிதித்தால் வண்டி யோசித்துத்தான் நிற்கும். வேறு வண்டியிலிருந்து டிஸ்க்கும் பூஸ்டரும் வாங்கி முன்சக்கரத்துக்குப் போட்டுக் கொடுத்தார் கோவில்பட்டி மெக்கானிக் அண்ணாச்சி. தாங்கியை லேத்தில் கடைந்துதான் பொருத்த வேண்டியிருந்தது. முன்னாலும் பின்னாலும் பெல்ட் போட்டோம். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பங்குகளில் கிடைக்கிறது. பழைய ரப்பர் குழாயை அது ஊறவைத்துக் கெடுக்கும் என்று அண்ணாச்சி சொன்னதால் குழாய் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற குழாயாக மாற்றியாகிவிட்டது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கிற விவரம் கம்பெனி சொன்ன அளவுக்கு மாறுபடுகிற மாதிரி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் ஒரு கேரள வழக்கில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. ஆகவே எஞ்சினில் கைவைக்கவில்லை. வண்டியை நீலமாக்கியபோது எழுதிக்கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றினேன். 15 வருஷம் தாண்டிய சொந்தக் காரை அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆயிற்று. 20 வருஷம் தாண்டிய காருக்கு 2025இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பழைய வண்டியைப் பெருமைக்கு வைத்திருப்பவனுக்கு அது காசில்லை. பழைய வண்டியை விட்டால் வேறு வண்டி இல்லாதவனுக்கு அது ஒரு மாசக் கூலி. நம் ஆட்களிடம் சொல்வது இதுதான்: காகிதம் எல்லாம் சுத்தமாக இருக்கட்டும். மறித்து நிறுத்துகிறவனுக்கு ஒரு காகிதம் குறைந்தால் போதும், மற்றதை அவன் பேசிக்கொள்வான்.

இதுவரை சொன்னது இரும்பு வேலை. இனி சீட்டு.

முன்னால் இருந்த பெஞ்சு சீட்டை டிரைவர் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இரண்டு என்று அறுத்தோம். அந்தப் பக்கத்துச் சாய்மானத்துக்குக் கீல் வைத்து, சாய்த்தால் பின்சீட்டோடு சேர்ந்து கட்டில் மாதிரி ஆகும்படி செய்தோம். வலி எடுத்தவளை, வெட்டுப்பட்டவனைப் படுக்கவைத்துத் தூத்துக்குடி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக. 108 வருவதற்குள் நாங்கள் பாதித் தூரம் போயிருப்போம். கதவுக்கு மேலே கிழவிகள் பிடித்து ஏற ஒரு கைப்பிடி.

இதை ரெக்சினில் தைத்துக் கொடுத்தவர் அருந்ததியர் தெருத் தாத்தா ஒருவர். கமலை இறைத்த காலத்தில் ஊர்க் கிணறுகளுக்கெல்லாம் தோல் வால் தைத்தவர். கமலை போய் பம்புசெட் வந்ததும் அந்தத் தொழில் போச்சு. அப்புறம் செருப்பு, அப்புறம் அதுவும் இல்லை. மூணு நாள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து தைத்தார். ஊசி ஏறுகிற இடத்தில் மெழுகை வைத்துத் தேய்த்து அவர் நூல் இழுத்ததைப் பார்க்க வேண்டும். கம்பெனித் தையல் பக்கத்தில் நிற்காது.

வேலை முடிந்தது. "வாங்க தாத்தா, ஒங்க தெரு வரைக்கும் வண்டில போவோம்" என்று கதவைத் திறந்தேன். ஏறினார். ஏறிச் சீட்டுக்கும் முன்பலகைக்கும் நடுவில் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரே தைத்த சீட்டு. அதில் இன்னும் யாரும் உட்காரவில்லை.

"சீட்டுல ஒக்காருங்க தாத்தா."

"இருக்கட்டும் தாயி, இங்ஙனயே காத்து வருது."

காற்று எங்கே வரும் தரையில்? எத்தனை வருஷமாக எத்தனை பஸ்ஸில், வேனில், டிராக்டரில் அந்த உடம்பு தரையில் உட்கார்ந்திருக்கும்! சீட்டு காலியாக இருந்தாலும் உட்காராதே என்று யாரும் இப்போது சொல்ல வேண்டியதில்லை. முட்டிக்கு அது மனப்பாடம். நான் எஞ்சினை அணைத்துவிட்டேன். "நீங்க மேல ஒக்காந்தாத்தான் வண்டி போகும்" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு மேலே ஏறி, சீட்டு நுனியில், தண்ணீர்க் குடத்தின்மேல் உட்காருகிற மாதிரி உட்கார்ந்தார்.

இதோடு முடிந்திருந்தால் ஆதிக்க சாதிக்காரனைத் திட்டிவிட்டுப் போகலாம். எங்கள் தெரு முக்கில் என் சித்தப்பா நின்றிருந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். குனிந்து பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "அவரப் பின்னால ஒக்காரச் சொல்லு. நாலு பேரு பாப்பாக."

நாலு பேர் யார்? ஊர்த்தெருக்காரன் இல்லை, அவன் அந்த நேரம் அங்கே இல்லை. நம் தெருவின் நாலு பேர். சித்தப்பா 1995இல் அடிபட்டவர். அவர் முதுகில் லத்தித் தழும்பு இருக்கிறது. சமத்துவம் பற்றி மேடையில் மணிக்கணக்காகப் பேசுவார். அவருக்கே இன்னொரு தலித் நம் காரின் முன்சீட்டில் உட்காருவது உறுத்துகிறது. "சித்தப்பா, சீட்டத் தைச்சது அவரு. நீங்க வேணா பின்னால ஏறிக்கோங்க" என்றேன். அவர் ஏறவில்லை. ரெண்டு மாசம் என்னோடு பேசவும் இல்லை. தாத்தா அந்த ரெண்டு மாசமும் வண்டியில் ஏறவில்லை. பிரச்சினை வேண்டாம் தாயி என்றுவிட்டார். சீட்டை மாற்ற மூணு நாள் போதும். சீட்டில் யார் உட்காருவது என்பதை மாற்ற மூணு தலைமுறை போதவில்லை.

வண்டிக்கும் சாதிக்கும் உள்ள உறவு இன்று நேற்று வந்ததில்லை. அம்பேத்கர் தம் வாழ்க்கைக் குறிப்புகளில் ரெண்டு வண்டிகளைப் பற்றிச் சொல்கிறார். 1901இல் கோரேகாவுக்கு அப்பாவைப் பார்க்கப் போன சிறுவனை ஏற்ற மாட்டுவண்டிக்காரன் மறுத்தான். கடைசியில் ரெட்டைக் கூலி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளையே ஓட்டச் சொல்லிவிட்டு அவன் கூட நடந்துவந்தான். 1929இல், வெளிநாட்டில் படித்துப் பெரிய பட்டங்களோடு வந்த பிறகு, சாலிஸ்காவில் குதிரை வண்டிக்காரர்கள் அவரை ஏற்றிப்போக மறுத்தார்கள். வண்டியை வாடகைக்குத் தருவோம், ஓட்ட மாட்டோம் என்றார்கள். ஓட்டத் தெரியாத நம் ஆள் ஒருவர் லகானைப் பிடித்தார். பாலத்தில் வண்டி சாய்ந்து அம்பேத்கர் கீழே விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். வண்டி கிடைப்பது பாதி. ஓட்டத் தெரிந்த கை நம்மிடம் இருப்பது மீதிப் பாதி.

எங்கள் ஓட்டப்பிடாரம் வட்டாரத்துக்கு வருவோம். 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ் புகுந்தது. வளைகுடாவுக்குப் போய்ச் சம்பாதித்து ஓரளவு நிமிர்ந்த தலித் ஊர் அது. அங்கே எதை உடைத்தார்கள் என்று பாருங்கள். டி.வி., மின்விசிறி, தையல் மிஷின், மோட்டார் சைக்கிள். பாஸ்போர்ட்டையும் படிப்புச் சான்றிதழையும் கிழித்தார்கள். கிணற்றைக் கெடுத்தார்கள். வீட்டுக்குள் வந்துவிட்ட நாலு நல்ல சாமானும் வெளியே போக உதவுகிற காகிதமும்தான் கண்ணை உறுத்தியிருக்கின்றன.

அடுத்தது 1997. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்காக வெள்ளைக்காரனோடு போராடிச் செத்தவர் பக்கத்துக் கவர்னகிரியைச் சேர்ந்த சுந்தரலிங்கம். விருதுநகரில் புதிதாகத் தொடங்கிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு அவர் பேரை வைத்தார்கள். அந்தப் பேர் எழுதின பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள், கலவரம் மூண்டது. கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும், மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பேரை அரசு எடுத்துவிட்டது. கட்டபொம்மன் பேரில் பஸ் ஓடியபோது யாருக்கும் வலிக்கவில்லை. அவனுக்காக உயிரை விட்டவன் பேரில் ஓடியபோது வலித்தது. 1974இல் கட்டிய நினைவுக் கோட்டையைப் பார்க்க வருகிற மாணவர்களிடம் இந்த பஸ் கதையையும் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன்.

என் வண்டிக் கண்ணாடியில் 'ஜெய்பீம்' என்று மட்டும் எழுதியிருக்கிறது. சாதிப் பேர் எழுதலாமே என்று பையன்கள் கேட்பார்கள். அவன் அவன் பேரை எழுதுகிறானே, நாம் ஏன் எழுதக்கூடாது என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சாதிப் பேரை எழுதினால் சீட்டுத் தைத்த தாத்தா எந்தக் கதவு வழியாக ஏறுவார்?

இந்த வண்டி அதிகமாக ஓடுவது கோர்ட்டுக்கு. வன்கொடுமை வழக்கில் சாட்சி சொல்ல பஸ்ஸில் போகிறவளுக்குப் பின்சீட்டிலேயே எதிரியின் ஆள் உட்கார்ந்திருப்பான். வாயைத் திறக்க மாட்டான், இருமுவான். அது போதும். கோர்ட் போய்ச் சேருவதற்குள் சாட்சி பிறழ்ந்துவிடும். வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995இல் 11ஆவது விதி, பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பயணப்படியும் தினப்படியும் தரவேண்டும் என்கிறது. கேட்டு வாங்குகிறவர்கள் குறைவு. அந்தப் படியை வாங்கிக் கொடுத்து, வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய், விசாரணை முடிகிறவரை வெளியில் நின்று, திரும்ப வீட்டு வாசலில் இறக்குவதுதான் என் வேலை. போன வருஷம் ஒரு வழக்கில் மூணு பெண்களும் கடைசிவரை மாறாமல் சாட்சி சொன்னார்கள். "பஸ்ஸுல போயிருந்தா நான் மாத்திச் சொல்லியிருப்பேன்க்கா" என்றாள் அதில் ஒருத்தி. கூடுதல் பட்டையும் டிஸ்க் பிரேக்கும் எதற்கு என்று கேட்பவர்களுக்கு அவள் சொன்னதுதான் பதில்.

பதினோரு மணிக்கு மேல் ஒருதரம், ஒரு ஊர் முக்கில், நாலு இளவட்டங்கள் வண்டியை மறித்தார்கள். "பொம்பள ஓட்டுறா பாரு, அதுவும் எந்தத் தெருப் பொம்பளன்னு பாரு" என்றான் ஒருத்தன். பானெட்டில் சாவியால் கோடு இழுத்தான். அந்தக் கோட்டைப் பெயிண்ட் அடித்து மறைக்கச் சொன்னார் அண்ணாச்சி. வேண்டாம் என்றேன். புகார் கொடுத்திருக்கிறேன், கோடு சாட்சி.

சித்தப்பா இப்போது பேசுகிறார். போன ஆடியில் அவருக்கு நெஞ்சுவலி வந்து, ராத்திரி வண்டியில் சாய்மானத்தை இறக்கிப் படுக்கவைத்துக் கொண்டுபோனோம். தாத்தாவின் பேரன்தான் ஓட்டினான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிறபோது சித்தப்பா அவன் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். மனசு மாறிவிட்டார் என்று எழுத மாட்டேன். ஒருதரம் உட்கார்ந்து வந்தார். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

மழை இல்லாத மாசங்களில் வறண்ட கண்மாய்க்குள் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியை இறக்குகிறேன். மூணு தெருவிலிருந்தும் பெண்பிள்ளைகள் ஒன்பது பேர் ஓட்டப் பழகுகிறார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும். கிளட்சைப் படாரென்று விட்டு வண்டியை அணைக்கிறார்கள், கியர் கரகரக்கிறது, கிளட்ச் தகடு தேய்கிறது. தேயட்டும். பத்மினிக்குத் தகடு இன்னும் கிடைக்கிறது. நாலு பேர் எல்.எல்.ஆர். வாங்கிவிட்டார்கள். மற்ற அஞ்சு பேருக்கு வயசுச் சான்றும் கட்டணமும் தயார் செய்ய வேண்டும்.